மூன்றாம் வகுப்புப் பையன், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) என்கிறார்கள்: பள்ளியில் என்ன கேட்பது?

கொங்குமலர்:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு 8 வயது, மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஈரோடு பக்கம் இருக்கிறோம். எல்.கே.ஜி.யிலிருந்தே டைரியில் சிவப்பு மைதான். நோட்டு முடிக்கவில்லை, பக்கத்துப் பையனை இடித்தான், பென்சிலைத் தொலைத்தான், கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துகிறான். வாயால் கேட்டால் பாடம் முழுவதும் சொல்வான். எழுதச் சொன்னால் மூன்று வரியைத் தாண்டாது.

சமீபத்தில் பள்ளியில் கூப்பிட்டு, "இது ஏ.டி.எச்.டி. மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டிச் சரி பண்ணிக் கூட்டி வாருங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனோம். எங்களுக்கு ஒன்று, வகுப்பு ஆசிரியைக்கு ஒன்று என்று கேள்வித்தாள் கொடுத்தார், பையனோடும் நிறைய நேரம் பேசினார். கடைசியில் அவரும் அதுதான் என்றார். மாத்திரை பற்றி யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மூன்று சந்தேகம். மொபைலைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அப்புறம் எப்படி இது கவனக் குறைபாடு? மாத்திரை கொடுத்தால் மந்தமாகிவிடுவானா? பள்ளியில் போய் நான் என்னதான் கேட்பது? "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ்" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. மாமியார் வேறு, "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்போது கடை நடத்தவில்லையா" என்கிறார்.

பழைய_சிலேட்டு:

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. நான் படித்தபோது ஒரு வகுப்பில் அறுபது பேர். துறுதுறுவென்று நாலைந்து பேர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு யாரும் நாலெழுத்தில் வியாதி வைக்கவில்லை. சாயங்காலம் இருட்டும் வரை தெருவில் ஓடினோம், ராத்திரி சாப்பிட்டதும் தூங்கினோம். இப்போது இரண்டு ரூம் ஃப்ளாட்டில் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளை ஓடுகிறான், குதிக்கிறான் என்று டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்து வாத்தியார் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

டாக்டர்_வைகை:

குழந்தை நல மருத்துவன், மதுரை. உங்கள் பையனைப் பார்க்காமல் அவனைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

பழைய சிலேட்டு ஐயா, இது புது வியாதி இல்லை. 1798இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் கவனம் நிலைக்காதவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி உரை நிகழ்த்தினார். அப்போது மொபைல் கிடையாது. உங்கள் வகுப்பில் இருந்த நாலைந்து பேரில் எத்தனை பேர் பத்தாவது வரை வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதியை நான் ஒத்துக்கொள்வேன். ஓடுகிற பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயர் கிடையாது. ஒன்பது கவனக்குறைவு அறிகுறிகள், ஒன்பது துடிப்பு-அவசர அறிகுறிகள் என்று இரண்டு பட்டியல் உண்டு. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அதனால் வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் பிரச்சினை, வீட்டில் ஒன்றுமில்லை என்றால் நான் முதலில் பள்ளியைப் பற்றித்தான் விசாரிப்பேன்.

வயதையும் பார்க்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 கணக்கு. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று முடிவு சொல்லியிருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம் அதிகம். வகுப்பிலேயே இளைய பிள்ளை, வயதுக்கேற்ற குழந்தைத்தனத்துக்காகப் பெயர் வாங்கியிருக்கிறது. நம் ஊரில் எப்படியாவது ஒரு வருடம் முன்னாடியே சேர்த்துவிட வேண்டும் என்று அலைகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதை வீங்கி ராத்திரி குறட்டை விட்டு அரைத் தூக்கம் தூங்குகிற பிள்ளை, ரத்தசோகை உள்ள பிள்ளை, சில நொடி வெறித்துப் பார்க்கிற வகை வலிப்பு உள்ள பிள்ளை, வீட்டுச் சண்டையைப் பார்த்துப் பயந்து கிடக்கிற பிள்ளை எல்லோரும் வகுப்பில் கவனமில்லாதவர்களாகத்தான் தெரிவார்கள். இவற்றை விலக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். இரண்டு பேரிடமும் கேள்வித்தாள் வாங்கி, நேரம் ஒதுக்கிப் பேசியிருக்கிறார் என்றால் உங்கள் மருத்துவர் ஒழுங்கான வழியில்தான் போயிருக்கிறார்.

கொங்குமலர், உங்கள் மாமியார் சொன்னதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபின் பங்கை முக்கால் பங்கு வரை மதிப்பிடுகின்றன. அப்பாவும் அப்படியே இருந்தார் என்பது நோயைச் சந்தேகிக்க வைக்கிற தகவல், தள்ளிவிடுகிற தகவல் இல்லை.

மொபைல் விஷயம். திரை ஒவ்வொரு சில நொடிக்கும் புதிதாக ஏதாவது தருகிறது. பிள்ளை தானாக முயன்று கவனத்தை அங்கே நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இவர்களுக்குச் சிரமம், சுவாரசியம் குறைந்த வேலையில் தன் முயற்சியால் நிற்பதில்தான். இரண்டு மணி நேரம் கேம் ஆடுவதை வைத்து, கணக்கிலும் அப்படி இருக்கலாமே, வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள்.

நிலா_அம்மா:

டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் பெண் ஓடவும் மாட்டாள், குதிக்கவும் மாட்டாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு வரை எல்லா மிஸ்ஸும் "அமைதியான பொண்ணு, கொஞ்சம் சோம்பேறி" என்றுதான் சொன்னார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ், குடை எல்லாம் வருடம் முழுக்கத் தொலையும். ஒரு பாடத்தை மூன்று முறை படித்துவிட்டு என்ன படித்தேன் என்று என்னிடமே கேட்பாள். எட்டாவது வரை ஞாபக சக்தியால் தள்ளிவிட்டாள். ஒன்பதில் பாடச்சுமை ஏறியதும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் இந்த இழையைப் படித்தால், துடிப்பு இல்லை என்பதால் இது இருக்காது என்று விட்டுவிடாதீர்கள்.

கேட்க ஒன்று இருக்கிறது. சர்க்கரையை நிறுத்தினால் குறையும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே?

டாக்டர்_வைகை:

சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று 1995இலேயே பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு அழகான சோதனை நடந்தது. சர்க்கரை சாப்பிட்டால் ஆட்டம் போடுவான் என்று நம்பிய அம்மாக்களில் ஒரு பகுதியினரிடம், "உங்கள் பையனுக்கு இப்போது சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் கொடுத்தது சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பு. அந்த அம்மாக்கள் பையன் அதிகமாகத் துள்ளுகிறான் என்று மதிப்பெண் போட்டார்கள், அவனை அதிகமாகத் திட்டவும் செய்தார்கள். பல்லுக்காகவும் எடைக்காகவும் சர்க்கரையைக் குறையுங்கள். இதற்காக வேண்டாம்.

அஞ்சாங்கிளாஸ்_வாத்தியார்:

அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், தஞ்சாவூர்ப் பக்கம். வகுப்பில் நாற்பது பேருக்கு மேல். மலர் மேடம் மூன்றாவதாகக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் வருகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். "வகுப்பில் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள், அழகாகச் சொல்வான். தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்ய முடிவதில்லை. ஆகவே சாயங்காலம் வீட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் அறிவுரை சொல்வது வீண். மழை பெய்கிற இடத்தில் குடையை விரிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து விரித்து என்ன பயன்? காலை பத்தரை மணிக்குக் கணக்கு நோட்டு முன்னால் அவன் தடுமாறுகிறான் என்றால், உதவியும் பத்தரை மணிக்கு அந்த மேஜை மேல் இருக்க வேண்டும். நீங்கள் பள்ளியில் கேட்க வேண்டியது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். உட்காரும் இடம் முதலில். கதவுப் பக்கமும் ஜன்னல் பக்கமும் வேண்டாம், கடைசி பெஞ்ச் வேண்டவே வேண்டாம். இரண்டாவது வரிசையில், நான் நடந்து போகும்போது கை எட்டுகிற இடம். பக்கத்தில் நிதானமான பிள்ளை. ஆனால் பல வகுப்புகளில் அந்த நிதானமான பிள்ளையை, பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளையை, சம்பளமில்லாத ஆயா ஆக்கிவிடுகிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

அடுத்தது நாம் பேசுகிற விதம். "கணக்கு நோட்டை எடு, தேதி போடு, முப்பத்து நாலாம் பக்கம், மூன்றாவது கணக்கிலிருந்து ஆறு வரை செய்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அவன் நோட்டை எடுத்துவிட்டு அடுத்தது என்ன என்று பக்கத்தில் பார்ப்பான், அங்கே பேச்சு தொடங்கும், நாம் திட்டுவோம். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பலகையிலும் எழுதுங்கள். பத்துக் கணக்கு என்றால் மூன்று போட்டதும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். அவனுக்கு எழுந்து நடக்க ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது, எனக்குத் தப்பு முதலிலேயே தெரிகிறது. வருகைப் பதிவேட்டை ஆபீசில் கொடுப்பது, நோட்டு அடுக்குவது, பலகை துடைப்பது எல்லாம் அவனுக்குத்தான்.

தயவுசெய்து பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள். நோட்டு முடிக்காத பையனை விளையாட்டு நேரத்தில் உட்கார வைத்து எழுத வைப்பது நம் பள்ளிகளில் சர்வசாதாரணம். ஓடித் தீர்க்க வேண்டிய பிள்ளையை ஓட விடாமல் அடுத்த பீரியடுக்கு அனுப்பினால் அதைவிட மோசமான பீரியட் வேறு இருக்காது.

செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்தபோது, இந்த மாதிரிப் பிள்ளைகள் பலர் கண்ணில் படாமலே போனார்கள் என்பது என் அனுபவம். தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டையை எடுக்க எழுந்து போய், தன் வேகத்தில் செய்தார்கள். இப்போது அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பிலும் அந்தச் சௌகரியம் கொஞ்சம் உண்டு. சத்தம்தான் சிலருக்கு ஒத்துவருவதில்லை. ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளியில் ஆறு வயதில் நாற்பது நிமிடம் பெஞ்சில் கைகட்டி உட்கார வைக்கிறார்கள், அங்கேதான் முதல் புகார் கிளம்புகிறது. பழைய சிலேட்டு ஐயாவோடு நான் சேருகிற இடம் இதுதான்.

கொங்குமலர்:

வாத்தியார் சார், மிக்க நன்றி. ஆனால் எங்கள் வகுப்பு மிஸ்ஸிடம் இவ்வளவையும் சொன்னால், "உங்கள் பையன் ஒருத்தனுக்காக நான் வகுப்பை மாற்ற முடியுமா" என்றுதான் வரும். ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

அஞ்சாங்கிளாஸ்_வாத்தியார்:

தினச்சீட்டு. கால் பக்கக் காகிதம். அதில் மூன்று வரி: சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், கையைத் தூக்கிவிட்டுப் பேசினான், கொடுத்ததில் பாதியாவது முடித்தான். எதிரே ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு கட்டம். மிஸ் பீரியட் முடியும்போது டிக் போட்டால் போதும், ஒரு நிமிட வேலை. அதை அவனுக்குக் காட்டிப் போட வேண்டும், அதுதான் முக்கியம். சீட்டு வீட்டுக்கு வரும். இத்தனை டிக் வந்தால் அன்று சாயங்காலமே ஏதாவது ஒன்று: கால் மணி நேரம் கூடுதலாகச் சைக்கிள் ஓட்டுவது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்று அவன் முடிவு செய்வது, அப்பாவோடு கேரம். காசு செலவே வேண்டாம்.

இதில் பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, "முழுப்பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்" என்பது. இந்தப் பிள்ளைக்கு ஏப்ரல் மாதம் என்பது வேறு கிரகம். இன்றைக்குச் செய்ததற்கு இன்றைக்கே கிடைக்க வேண்டும். இரண்டு, முதல் வாரமே எல்லாக் கட்டத்திலும் டிக் எதிர்பார்ப்பது. இப்போதே அவனுக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இலக்கு வைக்க வேண்டும். ஐந்து நாளில் நாலு நாளாவது அவன் ஜெயிக்க வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்தால் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, "மிஸ் தரவில்லை" என்பான், அதில் தப்பும் இல்லை. டிக் வராத நாளில் திட்டும் வேண்டாம், பரிசும் வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுங்கள்.

மிஸ்ஸிடம் நீங்களே சீட்டை அச்சடித்துக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேலை குறைகிறது என்று தெரிந்தால் ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, எங்களுக்கு இருப்பது எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளம்) பதிவேற்றமும் நாற்பது நோட்டும்.

பழைய_சிலேட்டு:

சீட்டு நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒழுங்காக இருப்பதற்கே பரிசு கொடுத்தால் மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு இவன் பரிசு இல்லாமல் எதையும் செய்ய மாட்டேன் என்று நிற்க மாட்டானா?

அஞ்சாங்கிளாஸ்_வாத்தியார்:

மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று பெரியவர்கள்தான் பயப்படுகிறார்கள் ஐயா. யாருக்கு எது கஷ்டம் என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். "ஏன் சார் அவனுக்கு மட்டும் சீட்டு?" என்று ஒரு பையன் கேட்டான். "உனக்கும் வேண்டுமா?" என்றேன். ஒரு வாரம் வாங்கினான், சலித்து விட்டுவிட்டான். பரிசு பற்றி: பழக்கம் பிடித்ததும் ஒவ்வொரு பீரியடுக்கும் என்பதை அரை நாளைக்கு, அப்புறம் வாரத்துக்கு என்று மெல்லக் குறைத்துவிடலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட நீண்ட காலம் தேவைப்படும், அதுவும் உண்மை. 2007இல் அமெரிக்காவில் மூளைப் படங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பெருமூளைப் புறணி முதிர்வதில் சராசரிப் பிள்ளைகள் ஏழரை வயதில் எட்டுகிற நிலையை ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பத்தரை வயதில்தான் எட்டுகிறார்கள் என்று கண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையனிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தை எதிர்பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பொறுமையை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள்.

கடைசிபெஞ்ச்:

பெயரைப் பார்த்தாலே தெரியும். கோயம்புத்தூர், சி.என்.சி. ப்ரோகிராமிங் வேலை. இன்ஜினியரிங்கில் அரியர் வைத்தே வாழ்ந்தவன். வேலைக்கு வந்த பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்று தெரிந்தது, இப்போது மாத்திரை எடுக்கிறேன். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று மாமியார்கள் சொல்வது ஓரளவு உண்மை. ஓட்டமும் குதியும் குறையும். உள்ளே இருக்கிற தவிப்பு, மறதி, கடைசி நேரம் வரை தள்ளிப்போடுவது எல்லாம் பலருக்குக் கூடவே வரும். கடை நடத்துகிற அப்பாவிடம் ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள், எத்தனை ஜி.எஸ்.டி. ரிட்டர்னை அபராதத்தோடு கட்டியிருக்கிறார் என்று.

பள்ளியில் எனக்கு உதவியது ஒரு டியூஷன் மாஸ்டர். நோட்டில் எழுதாதே, சாக்பீஸ் எடுத்துப் பலகையில் நின்றுகொண்டு போடு என்பார். நின்றுகொண்டு போட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது. அவருக்கு ஏ.டி.எச்.டி. என்ற வார்த்தையே தெரியாது. இவனுக்கு எது வேலை செய்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

மாத்திரை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மந்தமாகவில்லை. பசி எடுக்காது, அது நிஜம். மதியச் சாப்பாட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும், ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டா தேடுவேன். என் உடம்புக்கு அப்படி. டாக்டர் சார்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

டாக்டர்_வைகை:

சொல்கிறேன். அதிகம் பயன்படுவது மெத்தில்ஃபெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவான மருந்து. ஊக்கி வகை மருந்து துடிப்பான பிள்ளையை நிதானப்படுத்தும் என்பது 1937இலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கொடுத்த ஆம்ஃபெடமின் வகை மருந்தில் பிள்ளைகளின் பள்ளி வேலை மேம்பட்டதைக் கவனித்தார். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்கள் இரண்டும் செயல்படும் நேரத்தை இந்த மருந்துகள் நீட்டுகின்றன. சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி சுமார் நாலு மணி நேரம் நிற்கும். மெல்லக் கரையும் வகை அதைவிட நீளும். பசிக்குறைவு, தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறுவது எல்லாம் வரலாம். அதனால் ஒவ்வொரு முறையும் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்ப்போம். குடும்பத்தில் சிறு வயதில் இதய நோய், திடீர் மரணம் உண்டா என்று கேட்போம். பிள்ளை மந்தமாக, முகம் செத்த மாதிரி இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

காலை நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை, மதியம் கொஞ்சம், ராத்திரி வயிறார. பெரும்பாலான வீடுகளில் இது போதும்.

இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிற பட்டியலில் உள்ளது. சீட்டு இரண்டு பிரதியாக எழுதித் தருவோம், ஒன்றை மருந்துக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லாக் கடையிலும் கிடைக்காது. "இல்லை" என்று கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் ஏதோ போதை மருந்து கொடுக்கிறோமோ என்று கலங்க வேண்டாம், சட்டப்படி அவருக்கு உரிமம் தனியாக வேண்டும். தீரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கி ஒத்துவராதவர்களுக்கு ஆட்டமாக்ஸெடின் போன்றவை உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

மருந்தா நடத்தைப் பயிற்சியா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. 579 பிள்ளைகளை 14 மாதம் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 1999இல் வந்தது. கவனக்குறைவு, துடிப்பு என்ற அறிகுறிகளுக்கு, கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து பயிற்சியை மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தபோது மருந்தின் அளவு குறைவாகவே தேவைப்பட்டது, வீட்டு உறவும் மேம்பட்டது. ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒரு வருடம் கொடுத்துவிட்டோம், முடிந்தது என்று எதையும் நிறுத்திக்கொள்ள முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து இல்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யாராவது கேட்பதற்குள்: உலக அளவில் சுமார் 5 சதவீதம் என்பது பொதுவான மதிப்பீடு. கோவையில் நாலு பள்ளிகளில் 770 பிள்ளைகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வு 11 சதவீதம் என்றது. அளக்கும் முறைக்கேற்ப எண் மாறும். எப்படிப் பார்த்தாலும் வாத்தியாரின் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

வளமையம்_டீச்சர்:

வட்டார வளமையத்தில் சிறப்பாசிரியை, தென்காசி மாவட்டம். டி.சி. மிரட்டல் பற்றி யாரும் பேசவில்லையே. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் விஷயம் வேறு, மற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். நேராகப் போய்ச் சட்டம் பேச வேண்டாம், பேச்சு முறிந்துவிடும். "எழுத்தில் கொடுங்கள் சார், டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தர மாட்டார்கள், தொனியும் மாறிவிடும்.

காசு செலவாகிறது என்று தள்ளிப்போடுகிறவர்கள் அரசு வழியைப் பார்க்கலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளுக்கு வருவார்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் குழந்தை நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ காட்டலாம். கூட்டம் இருக்கும், ஒரு நாள் கூலி போகும், அதை மறைக்க முடியாது.

இப்போது தேர்வுச் சலுகை. இதில்தான் நிறையப் பேர் பத்தாம் வகுப்பில் வந்து அழுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. அதில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவை இந்த வகைச் சான்றிதழை ஒட்டித்தான் வரும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும், ஒன்றை மற்றொன்று மறைக்கும். மலர், உங்கள் பையன் வாயால் முழுப் பாடமும் சொல்லி மூன்று வரி மட்டும் எழுதுகிறான் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அதை வெறும் கவனக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் குறைபாடு இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதியை வைத்துப் பார்ப்பார்கள். இப்போது 8 வயது, அதற்குச் சரியான வயதுதான்.

கொங்குமலர்:

இதை டாக்டர்கூட எனக்குச் சொல்லவில்லை டீச்சர். அடுத்த முறை கேட்கிறேன். சோதனையில் கற்றல் குறைபாடு இல்லை என்று வந்தால் பத்தாவதில் இவனுக்கு ஒன்றுமே கிடையாதா?

வளமையம்_டீச்சர்:

பொதுத்தேர்வில் சான்றிதழ் இல்லாமல் கேட்பது கஷ்டம், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் பொதுத்தேர்வு இரண்டு வாரம், பள்ளி பன்னிரண்டு வருடம். வகுப்புத் தேர்வில் வினாத்தாளை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது, நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க அனுப்புவது, முதல் வரிசையில் தனி மேஜை, எழுத வராததை வாயால் கேட்டு மதிப்பெண் போடுவது, இதற்கெல்லாம் எந்தச் சான்றிதழும் வேண்டாம். தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும். டாக்டரிடம், "இந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இன்னின்ன தேவை" என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் கேட்பதற்கும், "கணக்கை மூன்று மூன்றாகக் கொடுக்கவும், பி.டி. பீரியடை நிறுத்த வேண்டாம்" என்று டாக்டர் எழுதியிருப்பதற்கும் பள்ளியில் கிடைக்கிற மரியாதை வேறு.

அஞ்சாங்கிளாஸ்_வாத்தியார்:

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் மேடம். ஜூனில் மிஸ் மாறும்போது பழைய மிஸ் புதிய மிஸ்ஸிடம் எதையும் சொல்ல மாட்டார், எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரமே, டைரியில் சிவப்பு மை விழுவதற்கு முன்னால், புதுக் கட்டுச் சீட்டோடு போய் நில்லுங்கள்.

பழைய_சிலேட்டு:

அந்தச் சீட்டின் மாதிரியை இங்கே யாராவது போடுங்கள். பேரன் இரண்டாம் வகுப்பு, வீட்டில் கேட்கிறார்கள்.